எல்லை கடந்த நிர்வாகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (வாசகர், ஒரகடம்): ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் உதிரிபாகத் தொழிற்சாலையில் அண்மையில் மேலாளராகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறேன். கூட்டங்களில் நான் முன்வைக்கும் யோசனைகளை ஜப்பானிய மேலதிகாரிகள் அமைதியாகக் கேட்டுக்கொள்கிறார்கள். ஏற்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. முடிவு வர வாரக்கணக்கில் ஆகிறது. எங்கள் பொறியாளர்களோ எதைக் கேட்டாலும் "முடித்துவிடலாம் சார்" என்கிறார்கள். கெடு தேதி வந்த பிறகுதான் வேலை முடியவில்லை என்பது தெரிகிறது. நாடுகளின் பண்பாட்டை எண்களால் ஒப்பிடும் அட்டவணைகளைப் படிக்கும்படி நண்பர் ஒருவர் சொல்கிறார். பயன் உண்டா?

பதில்: படியுங்கள், ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைத் தெரிந்துகொண்டு படியுங்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டீட், 1967 முதல் 1973 வரை ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டுக் கிளைகளில் ஊழியர்களிடம் நிரப்பி வாங்கப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துப் படிவங்களைக் கொண்டே அதிகார இடைவெளி (மேல்-கீழ் வேறுபாட்டை மக்கள் எவ்வளவு ஏற்கிறார்கள் என்பது), தனிமனித நோக்கு (குழுவைவிடத் தன்னை எவ்வளவு முன்னிறுத்துகிறார்கள் என்பது) போன்ற அளவுகோல்களை உருவாக்கினார். அவை ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பு அளித்த விடைகள். ஒரு நாட்டின் சராசரியை அந்நாட்டைச் சேர்ந்த தனி ஒருவர்மீது ஏற்றிப் பார்க்கக் கூடாது என்று அவரே எச்சரித்திருக்கிறார். உங்கள் எதிரே அமர்ந்திருக்கும் மேலதிகாரியைப் பற்றி அந்த அட்டவணை எதுவும் சொல்லாது.

அவருடைய மௌனத்துக்கு விளக்கம் அவர் பழகிய நடைமுறையில் இருக்கக்கூடும். பல ஜப்பானிய நிறுவனங்களில் கூட்டம் என்பது, ஏற்கெனவே பேசி முடித்ததை எல்லார் முன்னிலையிலும் உறுதிசெய்யும் இடம். அதற்கு முன்பே யோசனையைக் கொண்டுவருபவர், அதனால் பாதிக்கப்படக்கூடிய ஒவ்வொரு துறையினரையும் தனித்தனியே சந்தித்து, அவர்களுடைய ஆட்சேபங்களைக் கேட்டுத் திட்டத்தைத் திருத்தியிருப்பார். இதை நெமவாஷி என்கிறார்கள். பிறகு ரிங்கி எனப்படும் முன்மொழிவுத் தாள் துறை துறையாகச் சென்று முத்திரை பெற்றுத் திரும்பும். நீங்கள் கூட்டத்தில் முதன்முறையாக ஒரு யோசனையை வைக்கும்போது, பதில் சொல்லும் அதிகாரம் தன் ஒருவரிடமே இல்லை என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆகவே அடுத்த முறை தரக்கட்டுப்பாடு, உற்பத்தி, கொள்முதல் ஆகிய பிரிவுகளின் பொறுப்பாளர்களை ஒரு பக்கக் குறிப்போடு முன்கூட்டியே சந்தித்துவிடுங்கள். இந்த முறையில் முடிவுக்கு நாளாகும் என்பது உண்மை. ஆனால் மறுக்க வேண்டியவர்கள் எல்லாரும் முன்பே மறுத்து முடித்திருப்பதால், முடிவுக்குப் பின் வேலை தடையின்றி நடக்கும்.

உங்கள் பொறியாளர்களின் "முடித்துவிடலாம்" என்ற பதிலைத் தமிழர் இயல்பு என்று தள்ளிவிடாதீர்கள். முடியாது என்று சொன்ன ஒருவர் முன்பு எப்போதோ எல்லார் முன்பும் திட்டு வாங்கியிருப்பார். அதைப் பார்த்தவர்கள் பாடம் கற்றுக்கொண்டிருப்பார்கள். "முடியுமா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இதில் எது தடையாக வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். முதன்முதலில் தாமதத்தை முன்கூட்டியே வந்து சொல்பவருக்குக் கூட்டத்திலேயே நன்றி சொல்லுங்கள். சிக்கலைத் தீர்க்கும் பொறுப்பில் உங்கள் பங்கையும் அங்கேயே ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி (மேலாண்மை மாணவி, சென்னை): பண்பாட்டு வேறுபாட்டால் தோற்ற கூட்டு முயற்சிகளைப் பற்றியே வகுப்பில் படிக்கிறோம். வென்ற முயற்சி ஒன்றைச் சொல்ல முடியுமா? ஏன் வென்றது?

பதில்: தோல்விக்கு உங்கள் பாடப்புத்தகம் அநேகமாக ஜெர்மனியின் டைம்லர், அமெரிக்காவின் கிரைஸ்லர் ஆகிய கார் நிறுவனங்களின் இணைப்பைக் காட்டியிருக்கும். 1998இல் ஏறத்தாழ 3,600 கோடி டாலர் மதிப்பில், சமமானவர்களின் இணைப்பு என்று அறிவிக்கப்பட்டது அது. ஜெர்மானியர்களின் சம்பிரதாயமும் அமெரிக்கர்களின் சகஜமும் ஒத்துப்போகவில்லை என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் முழு நிறைவு இல்லை. கிரைஸ்லரைத் தன் குழுமத்தின் ஒரு பிரிவாக வைப்பதே தொடக்கம் முதல் தன் எண்ணம் என்று டைம்லர் தலைவர் யூர்கன் ஷ்ரெம்ப் 2000ஆம் ஆண்டில் பத்திரிகைப் பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார். சொன்ன சொல்லும் செய்த செயலும் வேறாக இருந்தால், ஒரே ஊர்க்காரர்கள்கூடச் சேர்ந்து வேலை செய்ய மாட்டார்கள். 2007இல் கிரைஸ்லரின் பெரும்பங்கு செர்பரஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

வெற்றிக்கு நான் சொல்ல விரும்புவது கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் இயங்கிய நம்மி தொழிற்சாலை. அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திவந்த ஆலை, அந்நிறுவனத்தின் மிக மோசமான ஆலைகளுள் ஒன்று என்று பெயர் வாங்கியது. முன்னறிவிப்பற்ற வேலைநிறுத்தங்கள், வேலை நேரத்தில் குடி, சில நாள்களில் ஐந்தில் ஒரு பங்கு ஆள்கள் வராமை என்று எல்லாம் இருந்தன. 1982இல் ஆலை மூடப்பட்டது. 1984இல் அதே கட்டடத்தில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக நம்மி என்ற நிறுவனத்தைத் தொடங்கி, நிர்வாகத்தை டொயோட்டாவிடம் விட்டன. தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பழைய ஆலையின் ஆள்களே. அவர்களுடைய தொழிற்சங்கமும் அதேதான். ஜப்பானிய முறை ஜப்பானியருக்குத்தான் பொருந்தும் என்று நம்பியவர்களுக்கு இதைவிடக் கடுமையான சோதனை அமைந்திருக்க முடியாது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் அங்கே உருவான கார்களின் தரம் டொயோட்டாவின் ஜப்பானிய ஆலையின் தரத்தை நெருங்கியது, வருகையும் சீரானது.

என்ன மாறியது? பழைய ஆலையில் என்ன கோளாறு தென்பட்டாலும் உற்பத்தி வரிசையை நிறுத்துவது பெருங்குற்றம். குறையுள்ள வண்டி அப்படியே நகர்ந்து கடைசியில் பழுதுபார்க்கும் இடத்தில் குவியும். புதிய ஆலையில் ஒவ்வொரு தொழிலாளியின் தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கியது. சிக்கல் என்றால் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே ஓடிவந்து உதவுவார். வரையறுத்த நேரத்துக்குள் தீரவில்லையென்றால் வரிசை நிற்கும். இழுத்தவரை யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். வேலை தொடங்கும் முன் குழுத் தலைவர்கள் நூற்றுக்கணக்கில் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள தொழிலாளர்களின் அருகில் நின்று இதைப் பழகிவந்தார்கள். எண்பதுக்கும் மேற்பட்ட வேலை வகைகள் ஒருசிலவாகக் குறைக்கப்பட்டன. அதிகாரிகளுக்கென்று தனி உணவகமோ வண்டி நிறுத்தத் தனி இடமோ கிடையாது.

இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது, வேலைக்குத் தரப்பட்ட உறுதி. நிறுவனத்தின் இருப்புக்கே ஆபத்து வந்தாலன்றி ஆள்குறைப்பு செய்வதில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். 1988ஐ ஒட்டி விற்பனை சரிந்து, ஆலையின் திறனில் கணிசமான பகுதி பயனற்றுக் கிடந்தபோது, ஒருவரையும் வெளியே அனுப்பாமல் பயிற்சியிலும் சீர்திருத்தப் பணிகளிலும் ஈடுபடுத்தினார்கள். கயிற்றை இழுத்தால் வேலை போகாது என்று அதற்கு முன்பு எத்தனை முறை சொல்லியிருந்தாலும், தொழிலாளர்கள் அதை நம்பியதற்கு இந்த ஒரு முடிவு பெரிய காரணமாக இருந்திருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிற ஆலைகளில் கயிற்று முறையை நகலெடுத்துப் பார்த்தது. வான் நைஸ் ஆலையில் அது எடுபடவில்லை, அந்த ஆலை 1992இல் மூடப்பட்டது. டொயோட்டாவோ, அமெரிக்கத் தொழிலாளர்களுடனும் சட்டங்களுடனும் எப்படி நடந்துகொள்வது என்பதை ஃப்ரீமான்டில் கற்றுக்கொண்டு, 1988இல் கென்டக்கி மாநிலத்தின் ஜார்ஜ்டவுனில் தன் சொந்த ஆலையில் உற்பத்தியைத் தொடங்கியது. கற்றுக்கொள்ள வந்தவர்கள் இரு தரப்பிலும் இருந்தார்கள் என்பதையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நம்மி 2010இல் மூடப்பட்டது. அந்த வளாகத்தில் இப்போது டெஸ்லா இயங்குகிறது.

கேள்வி (வாசகர், மதுரை): சிக்கலில் இருக்கும் நிறுவனத்தை மீட்க வெளிநாட்டவரே சிறந்தவரா? நிசானில் கார்லோஸ் கோன் செய்தது அதைத்தானே காட்டுகிறது?

பதில்: முதல் பாதி வரை காட்டுகிறது. 1999இல் ரெனோ நிறுவனம் நிசானின் 36.8 விழுக்காட்டுப் பங்கை வாங்கி, பிரேசிலில் பிறந்து லெபனானிலும் பிரான்ஸிலும் கல்வி பெற்ற கோனை ஜப்பானுக்கு அனுப்பியது. அவர் ஆயத்தமான திட்டத்தோடு வந்து இறங்கவில்லை. நிசானின் இடைநிலை மேலாளர்களைக் கொண்டு பல துறையினரும் கலந்த ஒன்பது குழுக்களை அமைத்து, அவர்களிடமிருந்தே பரிந்துரைகளைப் பெற்றார். ஐந்து ஆலைகளை மூடுவதும் 21,000 வேலைகளைக் குறைப்பதும் அந்த அக்டோபரில் அறிவிக்கப்பட்ட திட்டத்தில் இருந்தன. மிகக் கசப்பான அந்த முடிவுகளை உள்ளேயிருந்து வளர்ந்த தலைவர் ஒருவர், தன்னை வளர்த்தவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எடுப்பது கடினம். அந்த வகையில் வெளியாள் என்பது உதவியது. 2000ஆம் நிதியாண்டிலேயே நிசான் இலாபத்துக்குத் திரும்பியது.

இரண்டாம் பாதியும் உண்டு. 2018 நவம்பரில் தன் ஊதியத்தைக் குறைத்துக் காட்டிய குற்றச்சாட்டில் கோன் கைதானார்; 2019 டிசம்பரில் லெபனானுக்குத் தப்பிச் சென்றார்; குற்றச்சாட்டுகளை அவர் தொடர்ந்து மறுத்துவருகிறார். அந்த வழக்கின் நியாயம் ஒருபுறமிருக்க, நிசான் அமைத்த ஆளுகைச் சீரமைப்புக் குழு 2019இல் அளித்த அறிக்கை, அதிகாரம் ஒருவரிடமே குவிந்திருந்ததைச் சிக்கலின் வேராகச் சுட்டியது. தொடக்கத்தில் ஒன்பது குழுக்களைப் பேசவைத்த நிறுவனத்தில், பிற்காலத்தில் தலைவரை நோக்கிக் கேள்வி கேட்கும் வழி அடைபட்டுப்போனது என்பதே எனக்கு வருத்தம் தரும் செய்தி. வெளியாளைக் கொண்டுவரும் நிறுவனம், அவரைக் கேள்வி கேட்கும் ஏற்பாட்டையும் அன்றே செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி (வாசகி, கோயம்புத்தூர்): ஜெர்மனியிலுள்ள சக பணியாளர் ஒருவர் காணொலிக் கூட்டங்களில் என் குழுவின் வடிவமைப்புகளைச் சற்றும் தயங்காமல் குறைசொல்கிறார். குழுவில் இளையவர்கள் மனம் உடைந்துபோகிறார்கள். நானும் கடுமையாகப் பதில் சொல்லலாமா?

பதில்: வேலையைக் குறைசொல்வதும் ஆளைக் குறைசொல்வதும் வேறு என்று அவர் பழகியிருக்கக்கூடும், உங்கள் குழுவினர் அப்படிப் பழகவில்லை. கூட்டத்தில் பதிலடி வேண்டாம். அவரைத் தனியே அழைத்து, வரைபடங்களைக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே அனுப்புவதாகவும், அவருடைய குறிப்புகளை எழுத்தில் தரும்படியும் கேளுங்கள். அதே நேரத்தில் அவருடைய திருத்தங்களில் எத்தனை சரியானவை என்பதைக் குழுவோடு அமர்ந்து நேர்மையாகக் கணக்கிடுங்கள். பெரும்பாலானவை சரி என்றால், அவருடைய தொனியைவிட உங்கள் சோதிப்பு முறையே முதலில் கவனிக்கப்பட வேண்டியது. அவர் ஆள்களைப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் மட்டும், தேதியோடு குறித்துவைத்து இரு தரப்பு மேலாளர்களிடமும் எழுத்தில் தெரிவியுங்கள். அதற்கு எந்த நாட்டுப் பண்பாடும் சமாதானம் ஆகாது.