பிறந்த குழந்தையுடன் வாடகைக் காரில் மலையேறலாமா?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் வசிக்கிறோம். அடுத்த மாதம் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் மனைவிக்குப் பிரசவம். எங்களுக்குச் சொந்தக் கார் கிடையாது. குழந்தையை வாடகைக் காரில்தான் ஊருக்கு அழைத்துவர வேண்டும். அதற்குத் தனி இருக்கை கட்டாயம் வாங்க வேண்டும் என்கிறார் நண்பர். ஒரு நாள் பயணத்துக்கு அவ்வளவு செலவு எதற்கு, மடியில் வைத்துக்கொண்டால் போதாதா என்கிறார் என் மாமியார். எது சரி?

பதில்: நிறைமாதத்தில் பிறந்து, நன்றாகப் பால் குடித்து, வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் அனுமதித்த குழந்தைக்குக் கோத்தகிரியின் உயரம் எந்தத் தீங்கும் செய்யாது; தாராளமாக அழைத்து வரலாம். ஆனால் மடியில் வைத்து அழைத்து வருவதை என்னால் ஏற்க முடியாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதன்மீதாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், 3 கிலோ எடையுள்ள குழந்தை 30 கிலோவுக்கும் அதிகமான பாரமாக முன்னோக்கி இழுக்கும். பிரசவம் முடிந்து சில நாட்களே ஆன தாயின் கைகள் மட்டுமல்ல, உங்கள் கைகளும் அதைத் தாங்கா. தாயையும் குழந்தையையும் ஒரே சீட் பெல்ட்டுக்குள் சேர்த்துக் கட்டுவது இன்னும் கொடிது. மோதும்போது தாயின் எடை முழுவதும் குழந்தையின் மேல் விழும்.

எனவே இருக்கை வேண்டும். அது காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி குழந்தையைப் படுக்கவைக்கும் வகையாக இருக்க வேண்டும். பொதுவாக அது பிறந்த நாள் முதல் 13 கிலோ எடை வரை பயன்படும் என்பதால், ஒரு நாள் செலவு என்று உங்கள் மாமியார் கணக்கிடுவது பொருந்தாது. வாங்கும்போது ஏமாறாதீர்கள். துணித் தொட்டில் போன்ற கைப்பிடிக் கூடைகளைக் ‘காருக்கும் ஆகும்’ என்று சொல்லி விற்கும் கடைக்காரர்கள் ஏராளம். இருக்கையின் அடியிலோ முதுகிலோ ஐரோப்பியத் தரங்களான இசிஇ ஆர் 44/04, ஆர் 129 அல்லது இந்தியத் தரமான ஏஐஎஸ் 072 என்ற முத்திரை இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். விபத்தில் சிக்கியதா என்று தெரியாத பழைய இருக்கையையும் வாங்காதீர்கள்.

நான் மிகவும் அஞ்சுவது மருத்துவமனை வாசலில் நிற்கும் இடைத்தரகர்களைத்தான். டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வருவதற்கு முன்பே உங்களை அணுகி, ‘ஏசி வண்டி, நல்ல டிரைவர்’ என்று பேசி முன்பணம் வாங்கிக்கொள்வார்கள். பிறகு வந்து நிற்பது பெரும்பாலும் வேறொரு வண்டி. பல நேரங்களில் அது வெள்ளை நிற எண் பலகை கொண்ட ஓன் போர்டு வண்டியாகவே இருக்கும். சொந்த உபயோகத்துக்குப் பதிவுசெய்த வண்டியை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்க இடமுண்டு. தாயும் சேயும் வெயிலில் காத்திருக்கும் அந்த நேரத்தில் வண்டி சரியில்லை என்று திருப்பி அனுப்பும் மனத்துணிவு எந்தக் குடும்பத்துக்கும் வராது என்பதைத் தரகர்கள் நன்கு அறிவார்கள்.

அதற்கு இடம் கொடுக்காமல், இப்போதே உங்கள் ஊர் ஸ்டாண்டில் பழக்கமான மஞ்சள் போர்டு ஓட்டுநர் ஒருவரிடம் பேசி வையுங்கள். காலி வண்டியாகக் கீழே வருவதற்குக் கூடுதலாகக் கேட்பார், கொடுங்கள். நீலகிரி மாவட்டப் பதிவான டி.என். 43 எண் கொண்ட வண்டிக்கு, மலைக்கு வரும் வெளியூர் வண்டிகள் இணையத்தில் எடுக்க வேண்டிய இ-பாஸ் தொல்லையும் இல்லை. பிரசவத்துக்கு முன்பே இருக்கையை எடுத்துச் சென்று அவருடைய வண்டியில் பொருத்திப் பாருங்கள். வாடகைக் கார்களில் பின்சீட்டு பெல்ட்டின் கொக்கி பெரும்பாலும் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். சாய்மானத்துக்கும் சீட்டுக்கும் நடுவே கையை விட்டு அதை வெளியே இழுத்து, பெல்ட் நாக்கைச் செருகி, ‘கிளிக்’ என்ற சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். இடுப்புப் பட்டை இருக்கையின் குறுக்கேயும், தோள் பட்டை இருக்கையின் முதுகைச் சுற்றியும் செல்ல வேண்டும். வழியைக் காட்ட நீல நிற அடையாளங்கள் இருக்கும். கட்டி முடித்தபின், பெல்ட் செல்லும் இடத்தில் பிடித்து அசைத்தால் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது. பெல்ட் நீளம் போதவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் இந்த இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள்.

இவ்வளவையும் ஒரு தந்தையே தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது எனக்கு வேதனையளிக்கிறது. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ தனி இருக்கையோ இன்றி ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அந்த இருக்கையை வாடகைக் காரில் யார் வைத்திருக்க வேண்டும், குழந்தை எப்படி வீடு போகிறது என்று மருத்துவமனையில் யார் கேட்க வேண்டும் என்பதைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை. பில் பாக்கியை நான்கு முறை சரிபார்க்கும் டிஸ்சார்ஜ் கவுண்டரில் இந்த ஒரு கேள்வியைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

மேலே சொன்ன அனுமதி ஒரு வகைக் குழந்தைக்குப் பொருந்தாது. 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்த குழந்தையும், எடை மிகக் குறைந்த குழந்தையும் சாய்ந்த இருக்கையில் வைக்கப்படும்போது தலை முன்னே சரிந்து, தாடை மார்பில் படிந்து, மூச்சுப் பாதை அடைபடலாம். அழுது காட்டும் வலு அதற்கு இருக்காது என்பதால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே அத்தகைய குழந்தையை, வீட்டுக்கு அனுப்பும் முன் மருத்துவமனையிலேயே அதே இருக்கையில் குறைந்தது 90 நிமிடம் வைத்து, மூச்சு, இதயத் துடிப்பு, ஆக்சிஜன் அளவு மூன்றையும் கருவியில் கண்காணிக்கும்படி கேளுங்கள். வழக்கமில்லை என்று சொன்னாலும் விடாமல் கேளுங்கள். நுரையீரல் தொல்லை இருந்த குழந்தை என்றால், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள கோத்தகிரிக்கு எப்போது அழைத்துச் செல்லலாம் என்பதையும் மருத்துவரே முடிவு செய்யட்டும். சில நாட்கள் கீழேயே உறவினர் வீட்டில் தங்கிச் செல்லச் சொன்னால் தங்குங்கள்.

பயண நாளில் நீங்களோ மாமியாரோ பின்சீட்டில் குழந்தைக்கு அருகில் அமர்ந்து அதன் தாடையைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் காரின் முன்பக்கம் உயர்வதால், பின்னோக்கிய இருக்கை நிமிர்ந்து, தலை முன்னே சரியும் வாய்ப்பு கூடும். மலைக்குளிருக்குப் பயந்து ஸ்வெட்டரும் கம்பளியும் சுற்றி அதன்மேல் குழந்தை இருக்கையின் பட்டையைப் பூட்டாதீர்கள். மோதலில் துணி அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். மெல்லிய உடையோடு, தோள் எலும்பருகே ஒரு விரல் மட்டுமே நுழையும்படி பட்டையை இறுக்கிவிட்டு, மேலே போர்வை போர்த்துங்கள், முகத்தை மூடாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் ஒருமுறை, மலைப்பாதையில் குஞ்சப்பனை அருகில் ஒருமுறை வண்டியை நிறுத்தி, இருக்கையிலிருந்து எடுத்துப் பால் கொடுங்கள். வண்டி ஓடும்போது, எவ்வளவு அழுதாலும், வெளியே எடுக்க வேண்டாம்.

ஆறாவது வாரத் தடுப்பூசிக்காக மீண்டும் கோவைக்கு இறங்க வேண்டாம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அது இலவசமாகக் கிடைக்கும். ஊர் வந்து சேர்ந்ததும் கிராம சுகாதார செவிலியரிடம் குழந்தையின் பெயரைப் பதிந்துவிடுங்கள்.