பக்கத்தில் இருந்தும் கண்ணில் படாத லாக்பேக்

கேள்வி: 'ஜாவா -ஜார்' என்று ஓட்டும் எங்கள் அப்ளிகேஷனில் (ஸ்பிரிங் பூட் ஃபிரேம்வொர்க் இல்லை) லாக் எழுதும் லைப்ரரி லாக்பேக். அதில் டீபக் வரிகள் கொட்டுகின்றன. லெவலை 'வார்ன்' ஆக்கிய லாக்பேக்.எக்ஸ்எம்எல் ஃபைலை ஜாருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ரீஸ்டார்ட் செய்தும் பலனில்லையே?

பதில்: அந்த டீபக் வெள்ளமே தடயம். கான்ஃபிக் ஃபைல் எதுவும் அகப்படாதபோதுதான் லாக்பேக், ரூட் லெவலை டீபக் என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கன்சோலில் கொட்டும். வரியின் தொடக்கத்தில் தேதி இல்லாமல் நேரம் மட்டும் இருக்கிறதா பாருங்கள். அதன் சொந்த வடிவம் அதுதான்.

லாக்பேக் தன் ஃபைலைத் தேடுவது கிளாஸ்பாத்தில், அதாவது கிளாஸ்களையும் ஃபைல்களையும் ஜாவா தேடும் இடங்களின் பட்டியலில். முதலில் லாக்பேக்-டெஸ்ட்.எக்ஸ்எம்எல், பிறகு லாக்பேக்.எக்ஸ்எம்எல். '-ஜார்' கொடுத்துவிட்டால் ஜார் இருக்கும் ஃபோல்டர் கிளாஸ்பாத்தில் சேராது. கூடவே கிளாஸ்பாத்தைச் சொல்லும் '-சிபி' கொடுத்தாலும் ஜாவா அதைக் கண்டுகொள்ளாது. ஸ்பிரிங் பூட் தன் அப்ளிகேஷன்.பிராப்பர்டீஸை ஓடும் ஃபோல்டரிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில்தான் பலரும் இங்கே ஏமாறுகிறார்கள்.

வழி: 'ஜாவா -டிலாக்பேக்.கான்ஃபிகரேஷன்ஃபைல்=/ஆப்ட்/ஆப்/லாக்பேக்.எக்ஸ்எம்எல் -ஜார் ஆப்.ஜார்'. '-டி'க்குப் பின் வரும் பிராப்பர்ட்டியின் பெயரில் 'ஃபைல்' என்பதன் முதலெழுத்து மட்டும் கேப்பிட்டல். '-டி' பகுதி ஜார் ஃபைலின் பெயருக்கு முன்னால் வர வேண்டும். ஜார் பெயருக்குப் பின்னால் போட்டால் அது வெறும் ஆர்க்யுமென்டாக மெயின் மெத்தடுக்குப் போய்விடும். பாதையை முழுதாக, '/' என்று தொடங்கி எழுதுங்கள். லினக்ஸில் சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டியின் சர்வீஸில் ஒர்க்கிங் டைரக்டரியைக் குறிப்பிடாவிட்டால் அது ரூட் ஃபோல்டர்தான். பாதி எழுதிய பாதை அங்கே செல்லாது. பாதையில் ஓரெழுத்து பிசகினாலும் அப்ளிகேஷன் நிற்காது, லாக்பேக் பழையபடி கிளாஸ்பாத்துக்கே திரும்பிவிடும்.

சரிபார்க்க, ஃபைலுக்குள் 'டீபக்=ட்ரூ' போடச் சொல்வார்கள். ஃபைலே கிடைக்காதபோது அதை யார் படிப்பது? அதற்குப் பதில் 'லாக்பேக்.ஸ்டேட்டஸ்லிஸனர்கிளாஸ்' என்ற பிராப்பர்ட்டிக்கு சிஎச்.க்யூஓஎஸ்.லாக்பேக்.கோர்.ஸ்டேட்டஸ்.ஆன்கன்சோல்ஸ்டேட்டஸ்லிஸனர் என்ற கிளாஸ் பெயரைக் கொடுங்கள். எந்த ஃபைலைத் தேடியது, எங்கே எடுத்தது என்று வரிவரியாகச் சொல்லிவிடும். ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் கிளாஸ்பாத்தில் இருந்தால், ஒன்றுக்கு மேல் இருப்பதாக எச்சரிக்கையும் வரும். ஏதோ ஒரு லைப்ரரி ஜார் தன் லாக்பேக்.எக்ஸ்எம்எல்லையும் சேர்த்துக் கட்டியிருக்கும். ஜாருக்குள் இருப்பதைப் பட்டியலிடும் 'ஜார் டிஎஃப்' போட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கேள்வி: லாக்4ஜே2 என்ற இன்னொரு லாக் லைப்ரரியிலும் இதே கதைதானா?

பதில்: அறிகுறி நேரெதிர். ஃபைல் கிடைக்காவிட்டால் எரர் வரிகள் மட்டும் கன்சோலில் வரும். மற்றபடி மயான அமைதி. பிராப்பர்ட்டி: லாக்4ஜே2.கான்ஃபிகரேஷன்ஃபைல். தேடுவதைப் பார்க்க '-டிலாக்4ஜே2.டீபக்' போதும். அதற்கு முன் ஃபைலின் பெயரில் (லாக்4ஜே2.எக்ஸ்எம்எல்) அந்த '2' இருக்கிறதா என்று பாருங்கள்.