மூன்று புள்ளி

அன்புள்ள ஐயா,

ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டு அனுப்பும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று 2025 மே மாதம் சுவிஸின் பாசல் நகரில் நடந்தது. அதை, சுவிஸில் இருக்கும் அக்காவோடு வட்ஸ்அப்பில் கதைத்தபடி விடிய விடியப் பார்த்தேன். ஒஸ்திரியா வென்றது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பாட்டு இருக்கிறது, எங்களுக்கு மட்டும் இல்லையே என்று அழுகை வந்தது. எங்கள் பாட்டு ஒன்று அப்படியொரு மேடையில் எப்போது ஏறும்? புள்ளி போடுவதெல்லாம் அரசியல் என்கிறார்களே, உண்மையா? நானும் தோழிகளும் ஒரு பாட்டுச் செய்து வைத்திருக்கிறோம். உலகத்துக்குப் போகவேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதினோம். இன்னும் ஒருவருக்கும் போட்டுக் காட்டவில்லை.

ஒரு வாசகி, கொக்குவில்

அன்புள்ள தங்கச்சி,

பாட்டும் ஊரும் என்ற விஷயம் கொஞ்ச நாளாகவே என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கல்யாணவீடுதான் காரணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

சின்னச் சங்கதிகளை முதலில் முடித்துவிடுவோம். புள்ளியில் அரசியல் உண்டு, அயலவர் பாசமும் உண்டு. கிரேக்கமும் சைப்பிரசும் ஒன்றுக்கொன்று உச்சப் புள்ளியான 12ஐக் கொடுப்பது அங்கே பழைய பகிடி. பட்டிமன்ற நடுவர் ஆருடைய மச்சான் என்று விசாரிக்கிற சனம் நாங்கள், இதற்கேன் ஆச்சரியப்பட வேண்டும்? மொழி விஷயமும் அப்படித்தான். சொந்த மொழியில்தான் பாடவேண்டும் என்று 1966இல் விதி வைத்தார்கள், 1973இல் எடுத்தார்கள், 1977இல் திரும்பவும் வைத்தார்கள், 1999இல் ஒரேயடியாக விட்டார்கள். அதன்பிறகும் 2017இல் போர்த்துக்கல் தன் மொழியில் பாடியே வென்றது. நீர் எந்த மொழியிலும் பாடும். அதில் எனக்கு வழக்கில்லை.

எப்போது ஏறும் என்று கேட்கிறீர். நாடு பாட்டை அனுப்புகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அனுப்புவது அந்தந்த நாட்டின் ஒளிபரப்பு நிலையம். 1956இல் சுவிஸின் லுகானோவில் ஏழு நாடுகளோடு இதைத் தொடக்கியவர்களும் தொலைக்காட்சிக்காரர்கள்தான். அவுஸ்திரேலியா எங்கே, ஐரோப்பா எங்கே? அங்கத்தைய நிலையம் ஒன்று வருடக்கணக்காக இந்தப் போட்டியை ஒளிபரப்பி, சனமும் ராத்திரி ராத்திரியாகப் பார்த்ததால்தான் 2015இல் அவர்களுக்கு அழைப்பு வந்தது. ஆக, முதலில் தன்னுடையது என்று போடுகிற நிலையம் வேண்டும், அதைக் கேட்கிற வீடும் வேண்டும். மேடை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

போர்த்துக்கல் என்றேனே, அவர்களுடைய இன்னொரு பாட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். 1974 ஏப்ரல் 6, இங்கிலாந்தின் பிரைற்றன் நகரம். சுவீடனுக்காகப் பாடி வென்ற அபா குழுவைத்தான் எல்லாருக்கும் ஞாபகம். அதே மேடையில் பாவுலோ டி கர்வால்யோ என்பவர் போர்த்துக்கலுக்காக ஒரு காதல் பிரிவுப் பாட்டுப் பாடினார். கிடைத்தது மூன்று புள்ளி. வேறு மூன்று நாடுகளோடு சேர்ந்து கடைசி இடம். ஆனால் அந்தப் பாட்டுக்கு ஊரில் வேலை இருந்தது. பதினெட்டு நாள் கழித்து, ஏப்ரல் 24 இரவு 10.55க்கு, லிஸ்பன் வானொலி ஒன்றில் அது போனது. சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்க்கக் காத்திருந்த இளம் இராணுவ அதிகாரிகளுக்கு, ஆயத்தமாகுங்கள் என்ற சைகை அது. நள்ளிரவு தாண்டி வந்த இன்னொரு பாட்டு, புறப்படுங்கள் என்றது. புகழ் எல்லாம் இரண்டாவதுக்குத்தான். எனக்கு முதலாவதில்தான் கண். ஏன் அதைத் தெரிவு செய்தார்கள்? ஒருவருக்கும் சந்தேகம் வராது, அவ்வளவுதான். மார்ச் மாதம் உள்ளூர்ப் போட்டியில் வென்ற பாட்டு, வானொலியில் எப்போதும் போகிற பாட்டு. சமையலறையில் ஒலித்தாலும் ஆரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பிரைற்றனில் கடைசியாக வந்தது பற்றி அந்த இரவு எந்தச் சிப்பாய் கவலைப்பட்டிருப்பான்? 48 வருட ஆட்சி மறுநாள் விழுந்தது.

நோர்வேயின் பாடகர் யான் டைகன் 1978இல் இதே போட்டியில் பூச்சியம் வாங்கினார். ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தப் பாட்டு அங்கே பெரிய ஹிட்.

ஊரே தன்னுடையது என்று பாடுகிற பாட்டு எங்களிடமும் இருந்தது, தங்கச்சி. தொண்ணூறுகளில் இங்கே மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோ சுற்றித்தான் ரேடியோ கேட்போம். ஒரு பின்னேரம் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ போனது. பெடல் சுற்றின பெடியன் கை நோகுது என்று இடையில் விட்டுவிட்டான். பாட்டு இழுபட்டு நின்றுவிட்டது. முற்றத்தில் இருந்தவர்கள் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி உட்பட எல்லாரும் மிச்சத்தைப் பாடி முடித்தார்கள். பொப் பாட்டு, பைலாத் தாளம், பண்டிதர்கள் மூக்கைச் சுளித்த சங்கதி. ஆனாலும் அது ஆச்சிக்கும் மனப்பாடம்.

இனிக் கல்யாணவீடு. ஆளுயர ஸ்பீக்கர் வைத்து, பின்னேரம் வரைக்கும் சென்னைப் படப்பாட்டு. “எங்கட பெடியளின்ர பாட்டு ஒண்டு போடுமன் தம்பி” என்று டிஜேயிடம் கேட்டேன். “அதுக்கு ஒருத்தரும் ஆடமாட்டினம் ஐயா” என்றான். ஆடமாட்டார்களாம்! கேட்டால்தானே ஆட? இரண்டு மூன்று பேர் வீட்டையும் விற்காத குறையாக இங்கே பாட்டுச் செய்கிறார்கள், அதைப் போட ஒரு கல்யாணவீடு இல்லை.

நீரும் அந்தச் சபையில்தான் இருக்கிறீர். 26 நாட்டுப் பாட்டையும் நடுச்சாமம் 12.30 தொடக்கம் விழித்திருந்து கேட்டீர். யாழ்ப்பாணத்தில் செய்த பாட்டு ஒன்றைக் கடைசியாக எப்போது முழுசாகக் கேட்டீர்? அழுகை வந்ததாம். அழுகையை விடும், பிள்ளை. ஒருவருக்கும் போட்டுக் காட்டாமல் வைத்திருப்பதற்குத்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இன்றைக்கே அம்மாவுக்குப் போடும். ஆங்கிலம் பிடிபடாவிட்டால் மெட்டைக் கேட்பா. அக்காவுக்கும் அனுப்பும். யூரோவிஷனில் சொந்த நாட்டுக்கு வாக்குப் போட முடியாது, அதனால் சுவிஸ்காரர் சுவிஸுக்குப் போட வழியில்லை. உமது வீட்டில் அந்தத் தொல்லை கிடையாது. எனக்கும் ஒன்று அனுப்பும். மூன்று நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அவர்களுடைய விதி, எனக்கும் பிடித்த விதி. தொடக்கத்தில் மழைச்சத்தம், ரயில் சத்தம் என்று ஏதும் போட்டிருந்தால் வெட்டிவிட்டு அனுப்பும்.