பேராசிரியர் பெயருக்குக் கீழே ஏழெட்டு ஆய்வுத் துறைகள்: எதை நம்புவது?

கேள்வி: முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி தேடுகிறேன். பல்கலைக்கழக இணையதளத்தில் ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஏழெட்டு ஆய்வுத் துறைகள் போட்டிருக்கிறார்கள். உண்மையில் எதில் வல்லவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அந்தப் பட்டியல் பொய்யில்லை. ஆனால் மாணவராக இருந்தபோது செய்தது, இப்போது செய்வது, இனிமேல் செய்ய ஆசைப்படுவது எல்லாம் அதில் ஒரே வரிசையில் நிற்கும். திருத்தப்படாமல் பல ஆண்டுகள் கிடப்பதும் உண்டு.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் அவருடைய பக்கம் இருந்தால், கட்டுரைகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பாருங்கள். வழக்கமாக மற்ற கட்டுரைகள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கைப்படிதான் வரும், அதனால் பழைய புகழ்பெற்ற கட்டுரையே மேலே நிற்கும். கடைசி நான்கைந்து ஆண்டுக் கட்டுரைகளின் சுருக்கங்களைப் படித்தாலே இப்போது எதில் இருக்கிறார் என்பது பிடிபட்டுவிடும். ஒரே பெயரில் பலர் இருந்தால் ஆர்க்கிட் (ORCID) எனும், ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண் கைகொடுக்கும்.

அப்புறம், கட்டுரையில் அவர் பெயர் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். உயிரியலில் பெரும்பாலும் வேலையை அதிகம் செய்தவர் முதலிலும் ஆய்வகத் தலைவர் கடைசியிலும் இருப்பார்கள். புற்றுநோய்க் கட்டுரைகள் பலவற்றில் ஒருவர் பெயர் நடுவிலேயே வந்தால், அவர் புள்ளியியல் பார்த்துக் கொடுத்தவராக இருக்கலாம். மருத்துவத் தரவை அலச அவரை நாடலாம். புற்றுநோய் உயிரியலுக்கு அவர் சரிப்படமாட்டார். கணிதத்திலும் பொருளாதாரத்திலும் அகரவரிசை வழக்கம் என்பதால் அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

எச்-இன்டெக்ஸைப் பலரும் பெரிதாகப் பேசுவார்கள். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த அளவீடு அது. 20 என்றால், குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 இருக்கின்றன என்று பொருள். துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் மாறும். வரலாற்றுத் துறையில் கட்டுரைகளைவிட நூல்களுக்குத்தான் மதிப்பு. இரண்டு துறைக்காரர்களை இந்த எண்ணால் ஒப்பிடாதீர்கள்.

நான் அதிகம் நம்புவது அவரிடம் பட்டம் முடித்தவர்களின் ஆய்வேடுகளைத்தான். பல்கலைக்கழக நூலகத்தின் மின் களஞ்சியத்தில் அவை பெரும்பாலும் கிடைக்கும். ஒரு தலைப்பில் ஆள் வளர்த்திருக்கிறாரா என்பதை அவைதான் காட்டும். முடிந்தால் அந்த மாணவர்களிடமே பேசுங்கள். முடிக்க எத்தனை ஆண்டுகள் ஆயின என்றும் கேளுங்கள்.

கடைசியாக அவருக்கே சுருக்கமாக மின்னஞ்சல் எழுதுங்கள். சமீபத்திய கட்டுரை ஒன்றைக் குறிப்பிட்டு, இதே திசையில் புது மாணவரைச் சேர்க்கிறீர்களா, ஓய்வுபெற இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன என்று கேட்கலாம். இரண்டாவது கேள்விக்குக் கூச்சப்பட வேண்டாம்.