வாக்கில்லாதவர் அரசியல் பேசலாமா? ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்தவருக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதைப் பிறரும் விளங்கிக்கொள்வதற்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நிரந்தர வதிவிட அனுமதியுடன் கனடாவின் ரொறன்ரோ நகரில் உள்ள ஸ்காபரோவுக்கு வந்து ஓராண்டுகூட நிறையாத நிலையில், வேலை செய்யும் பண்டகசாலையில் இடைவேளைதோறும் தேர்தலும் அரசியலுமே பேச்சாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சில் நீங்களும் கலந்துகொள்ளலாமா, கலந்துகொண்டால் நாளைக்குக் குடியுரிமை விண்ணப்பத்தில் சிக்கல் வருமா, "தமிழருக்கே வாக்கு" என்று உறவினர்கள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது, வாக்கே இல்லாத உங்களுக்கு இதிலெல்லாம் என்ன அலுவல் என்பவை உங்கள் கேள்விகள்.

பயத்தைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கனடாவின் 1982ஆம் ஆண்டு உரிமைகள் சாசனத்தின் 2ஆம் பிரிவு தரும் கருத்துச் சுதந்திரம் இந்த நாட்டில் இருக்கும் எல்லோருக்கும் உரியது. அதற்கு அடுத்த பிரிவில் வரும் வாக்குரிமைதான் குடிமக்களுக்கு மட்டுமானது. பிரதமரைத் திட்டியதற்காகவோ எதிர்க்கட்சித் தலைவரைப் புகழ்ந்ததற்காகவோ ஒருவருடைய வதிவிட அனுமதி போவதில்லை. குடியுரிமை அதிகாரி பார்ப்பது ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் இங்கே இருந்தீர்களா, வரிக் கணக்குக் காட்டினீர்களா, குற்றப் பதிவு உண்டா என்பன போன்றவற்றைத்தானே தவிர, நீங்கள் எந்தக் கட்சிக்காரர் என்பதையல்ல. உங்கள் நிறுவனம் வேலை நேரத்துக்கென்று வைத்திருக்கும் ஒழுங்குவிதிகள் வேறு விடயம். அவற்றை ஒரு தடவை வாசித்துவிடுவது நல்லது.

இரண்டு இடங்களில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். வருடாந்த வரிப் படிவத்தின் தொடக்கப் பகுதியில், கனேடியக் குடியுரிமை உண்டா என்றும், உங்கள் பெயரையும் முகவரியையும் தேர்தல் திணைக்களத்துக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கும். படிவத்தை நிரப்பித் தருபவர் அவசரத்தில் "ஆம்" என்று போட்டுவிட்டால், உங்கள் பெயர் வாக்காளர் பதிவேட்டில் ஏறி, தேர்தல் வரும்போது வாக்காளர் தகவல் அட்டையும் வீட்டுக்கு வந்து சேரக்கூடும். அட்டை வந்துவிட்டது என்பதற்காகக் குடிமகன் அல்லாதவர் போய் வாக்களித்தால் அது தேர்தல் குற்றம். அட்டை வந்தால் திணைக்களத்துக்கு அறிவித்துப் பெயரை நீக்கச் செய்யுங்கள். மற்றையது நம்முடைய ஊர் அரசியல். விடுதலைப் புலிகள் இயக்கம் 2006 ஏப்ரல் முதல் கனடாவின் தடைப்பட்டியலில் இருக்கிறது. உங்கள் மனதில் இருக்கும் மதிப்பும் துயரமும் உங்களுடையவை. ஆனால் அந்தப் பெயரில் யாராவது பணம் சேர்த்தால் அதில் நீங்கள் கைவைக்கக் கூடாது, ஏனென்றால் குடிமகன் அல்லாதவருக்கு அது நாடுகடத்தல் வரை கொண்டுபோகக்கூடிய விடயம்.

இனிப் பேச்சுக்கு வருவோம். இங்கே அரசியல் பேசுகிறவர்களில் பெரும்பாலானோர், நம்மவரும் வெள்ளையரும் வேறுபாடின்றி, எந்த அரசாங்கத்தைத் திட்ட வேண்டுமோ அதை விட்டுவிட்டு இன்னொன்றைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு மேலே ஒட்டாவாவில் கூட்டாட்சி அரசு ஒன்று, குயின்ஸ் பார்க்கில் ஒன்ராறியோ மாகாண அரசு ஒன்று, ரொறன்ரோ நகர மண்டபத்தில் ஒன்று என்று மூன்று அரசாங்கங்கள் இருக்கின்றன. பண்டகசாலையில் ஒருவர், வாடகை ஏறியதற்குப் பிரதமர்தான் காரணம் என்று அடித்துச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். குடிவரவுத் தொகையும் வட்டி வீதமும் வாடகையைப் பாதிக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் இந்த ஆண்டு எவ்வளவு கூட்டலாம் என்பதை நிர்ணயிப்பது மாகாணச் சட்டம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியமர்த்தப்பட்ட வீடுகளுக்கு ஒன்ராறியோவின் வருடாந்த வாடகை உச்சவரம்பு பொருந்தாது என்று மாகாண அரசு விலக்களித்தது. அதனால்தான் பழைய அடுக்குமாடியில் இருக்கும் உங்கள் மாமாவுக்குச் சிறிய தொகை கூடும்போது, புதிய கொண்டோ மாடிவீட்டில் அறை எடுத்திருக்கும் உங்களுக்கு வீட்டுக்காரர் நினைத்த தொகை கூடுகிறது. இதை அறிந்த பிறகு அந்த மனிதரோடு நீங்கள் பேசக்கூடிய பேச்சு வேறாக இருக்கும்.

நீங்கள் தினமும் ஏறும் பேருந்தின் கதை இதைவிட நீளமானது. கென்னடி நிலையத்திலிருந்து ஸ்காபரோ நடுவத்துக்கு 1985 முதல் ஒரு சிறு ரயில் ஓடியது. அது பழசாகிவிட்டது, மாற்று வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை; எதைக் கொண்டு மாற்றுவது என்பதில்தான் தேர்தலுக்குத் தேர்தல் சண்டை நடந்தது. முன்னைய நகர நிர்வாகம் இலகு ரயில் என்று திட்டமிட்டிருக்க, 2010இல் மேயரான ரொப் ஃபோர்ட் சுரங்க ரயில்தான் என்றார். நகரசபை அதை மாற்றிற்று, பிறகு தானே மாற்றியதை மீண்டும் மாற்றிற்று. அடுத்து மேயரான ஜோன் டோரி காலத்தில் திட்டம் ஒரே ஒரு நிலையமாகச் சுருங்கியது. 2019இல் மாகாண முதல்வர் டக் ஃபோர்ட் அதைத் தன் கையில் எடுத்து மூன்று நிலையங்களாக்கினார். இத்தனை வாக்குறுதிகளுக்கும் நடுவே, 2023 யூலை 24 அன்று பழைய ரயிலின் கடைசிப் பெட்டி தண்டவாளத்தை விட்டு விலகிச் சிலர் காயமடைந்தார்கள். சேவை அன்றோடு நின்றது, பிறகு திறக்கப்படவே இல்லை. 7.8 கிலோமீற்றர் சுரங்கப் பாதை இன்னும் கட்டப்படுகிறது, நீங்கள் பேருந்துக்கு நிற்கிறீர்கள். ஸ்காபரோவில் அரசியல் பேச விரும்புகிறவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான் என்பது என் எண்ணம். எல்லாக் கட்சிக்காரரும் எல்லா மட்டத்தினரும் இதில் பெயர் வாங்கியிருக்கிறார்கள். ஆகவே எவர் பக்கம் நின்று பேசினாலும் உங்களுக்கு எதிர்ப்பேச்சுக் கிடைக்கும்.

ஊரில் மாவட்டத்துக்கு ஒரு கட்சிச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டு, அதன் பிறகு மூன்று பேருக்கு விருப்பு வாக்கும் அளித்துப் பழகிய நமக்கு இங்குள்ள முறை சப்பென்று இருக்கும். இங்கே வீடு, சைக்கிள், திசைகாட்டி போன்ற சின்னங்கள் கிடையாது. கூட்டாட்சித் தேர்தலில் ஒரு தொகுதி, ஒரு புள்ளடி, கூடுதலாக எடுத்தவர் வெற்றி. மடித்த வாக்குச்சீட்டைத் தந்து, மறைப்புக்குப் பின்னால் நீங்கள் பென்சிலால் அடையாளமிட்டுத் திரும்ப மடித்துக் கொண்டுவந்ததும், அதிகாரி ஓரத்து இலக்கத்துண்டைக் கிழித்தெடுத்துவிட்டுச் சீட்டை உங்கள் கையிலேயே கொடுப்பார். பெட்டிக்குள் போடுவது நீங்கள்தான். விரலில் மை பூசுவதில்லை. தலைவர்களின் படத்தைப் பார்த்துக்கொண்டே மக்கள் பேசினாலும், பிரதமருக்கென்று வாக்குச்சீட்டு எதுவும் இல்லை. 2025 ஏப்ரல் 28 தேர்தலில் 343 ஆசனங்களில் லிபரல் 169ஐயும் கொன்சவேற்றிவ் 144ஐயும் பெற்றன. கொன்சவேற்றிவ் தலைவர் பியர் பொலியேவ் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்று, ஓகஸ்ட் மாதம் அல்பேர்ட்டாவில் இடைத்தேர்தல் ஒன்றின் மூலம் திரும்பி வந்தார். புதிய சனநாயகக் கட்சித் தலைவர் ஜக்மீத் சிங்கும் தோற்றார். கியூபெக்கின் டெரபோன் தொகுதியில் மீளெண்ணிக்கையின் பின் வித்தியாசம் ஒரே ஒரு வாக்கு. அந்த முடிவு பிறகு வழக்குமன்றம் ஏறியது.

"தமிழருக்கே வாக்கு" என்பதைப் பற்றி நேர்மையாகச் சொல்வதென்றால், அதில் ஒரு நியாயமும் ஒரு சோம்பலும் கலந்திருக்கின்றன. 2011இல் ராதிகா சிற்சபைஈசன் ஸ்காபரோவிலிருந்து முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினராகப் போனபோது, இந்த ஊரில் பொங்கிய மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம்மவர் உள்ளே இருந்ததால்தான் சனவரி மாதம் தமிழ் மரபுத் திங்களானது. 2021இல் மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் விஜய் தணிகாசலம் கொண்டுவந்த தமிழின அழிப்புக் கல்வி வாரச் சட்டம் ஒன்ராறியோவில் நிறைவேறியது. 2022 மே மாதம் நாடாளுமன்றம் மே 18ஐத் தமிழின அழிப்பு நினைவு நாளாக ஏற்றது. ஆனால் இவர்கள் ஒரே கட்சியினர் அல்லர் என்பதைக் கவனியுங்கள். ராதிகா புதிய சனநாயகக் கட்சி, தணிகாசலம் கொன்சவேற்றிவ், நாடாளுமன்ற உறுப்பினர் ஹரி ஆனந்தசங்கரி லிபரல். ஒரே தொகுதியில் இரண்டு கட்சிகளும் தமிழரை நிறுத்தினால் உங்கள் உறவினரின் விதி எதற்கு உதவும்?

இன்னுமொன்று. சிறுவயதில் இலங்கையிலிருந்து இங்கு வந்தவரான ஆனந்தசங்கரி, 2025 மே மாதம் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். அடுத்த மாதமே அவர் முன்வைத்த எல்லைப் பாதுகாப்பு மசோதாவில், 2020 யூன் 24க்குப் பிறகு நாட்டுக்குள் வந்து ஓராண்டு கடந்த பின்னர் அகதிக் கோரிக்கை வைப்பவர்களின் மனு அகதிகள் சபையின் விசாரணைக்கே போகாது என்ற ஏற்பாடு இருந்தது. வருகையாளர் விசாவில் வந்திருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு அது நேரடியாக உறைக்கக்கூடிய ஏற்பாடு. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை; அமைச்சரவையில் இருப்பவர் அரசின் மசோதாவைத்தான் கொண்டுவருவார், கட்சிக் கொறடாவின் சொல்லை மீறி வாக்களிப்பது இந்த நாட்டில் அரிது. ஆகவே வேட்பாளரின் பெயரைப் பார்ப்பவர் அவருடைய கட்சி என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

குடிவரவுப் பேச்சு உங்களைப் புண்படுத்துகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். புதிய நிரந்தர வதிவாளர்களின் இலக்கை 2025க்கு ஐந்து இலட்சத்திலிருந்து 395,000 ஆகக் குறைப்பதாக 2024 ஒக்ரோபரில் அரசே அறிவித்தது. அதன் பிறகு "ஆட்கள் கூடிவிட்டார்கள்" என்பது எல்லாக் கட்சியினரும் வெளிப்படையாகச் சொல்லும் பேச்சாகிவிட்டது. வெள்ளைக்காரர் சொன்னால் வலிக்கிறது என்கிறீர்கள். முப்பது வருடம் முன்னர் வந்த தமிழர் சொல்வதை இன்னும் நீங்கள் கேட்கவில்லை போலும். 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழரை மீனவர்கள் மீட்டதை நன்றியோடு நினைவுகூர்பவரே, அடுத்த வசனத்தில் இப்போது வருபவர்களைப் பற்றி முகம் சுளிப்பதைக் கல்யாண மண்டபங்களில் பல தடவை பார்த்திருக்கிறேன். அவர்களோடு வாதாடுங்கள், அங்கே உங்களுக்குப் பேச முழு உரிமை உண்டு. வேலைத்தலத்தில், பேசுபவர் கொள்கையைக் குறைகூறுகிறாரா, உங்களையே இழிவுபடுத்துகிறாரா என்று பிரித்துப் பாருங்கள். முன்னதற்குப் பதில் சொல்லலாம், பின்னதை மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கொடுக்கலாம். பொதுவாக இங்கே "யார் வெல்வார்" என்று கேட்பார்கள். "நீ யாருக்குப் போட்டாய்" என்று நம்மைப்போல முகத்துக்கு நேரே கேட்க மாட்டார்கள், நீங்களும் கேட்காதீர்கள்.

செய்தியைப் பற்றி ஒரு சொல். கனடாவில் 2023 ஓகஸ்ட் முதல் பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் செய்தி நிறுவனங்களின் பதிவுகள் தெரிவதில்லை; செய்திக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு எதிராக மெட்டா நிறுவனம் அடைத்துவிட்டது. அந்த வெற்றிடத்தைத் தேர்தல் காலத்தில் நிரப்புவது வாட்ஸ்அப் குரல்பதிவுகள்தான். "இந்தக் கட்சி வந்தால் பிள்ளைக் கொடுப்பனவு நின்றுவிடும்" என்று பெயர் தெரியாத ஒருவர் உருக்கமாகச் சொன்னால், அனுப்பியவர் சித்தப்பாவாக இருந்தாலும், அந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு நம்புங்கள்.

வாக்கில்லாத உங்களுக்கு என்ன அலுவல் என்ற கேள்விக்கு வருகிறேன். நிரந்தர வதிவாளர் லிபரலிலும் கொன்சவேற்றிவ்விலும் உறுப்பினராகலாம், தொகுதி வேட்பாளரைத் தெரிவு செய்யும் உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். ஒரே கட்சி எப்போதும் வெல்லும் தொகுதியில் உண்மையான போட்டி அங்கேதான் நடக்கிறது. அதனால்தான் உங்களைப் போன்ற புதியவர்களின் வீட்டுக்குப் படிவத்தோடு ஆட்கள் வருகிறார்கள். உறுப்பினர் கட்டணம் உண்டென்றால் அதை உங்கள் சொந்தப் பணத்தில் நீங்களே கட்டுங்கள், "நாங்கள் கட்டிவிடுகிறோம்" என்பவரை அனுப்பிவிடுங்கள். கூட்டாட்சிக் கட்சிக்கு நன்கொடையும் கொடுக்கலாம்: 2025இல் உச்சவரம்பு ஒரு கட்சிக்கு 1,750 டொலர், 400 டொலர் கொடுப்பவருக்குச் செலுத்த வேண்டிய வரியில் 300 டொலர் குறையும். கூட்டாட்சித் தேர்தலில் உங்கள் ஜன்னலில் வேட்பாளரின் விளம்பரத்தை வைப்பதை வீட்டுக்காரர் தடுக்க முடியாது. அளவையும் வகையையும் பற்றி நியாயமான நிபந்தனை போடலாம். எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகம். மனைவியின் விண்ணப்பம் மாதக்கணக்காக அசையாமல் கிடந்தால் அங்கே போய் விசாரிக்கலாம். வாக்கு உண்டா என்று கேட்க மாட்டார்கள், அந்தத் தொகுதியில் வசிக்கிறீர்களா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்து வருவது 2026 ஒக்ரோபர் 26, மாநகரத் தேர்தல். இதிலும் குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு. ஆனால் கட்சிகள் இல்லை. ரொறன்ரோவின் 25 வட்டாரங்களில் ஆறு ஸ்காபரோவுடையவை, பாடசாலைச் சபை உறுப்பினர்களும் அன்றே தெரிவாகிறார்கள். வேட்பாளர்கள் எல்லோரும் ஒரே மேடையில் அமரும் கூட்டங்கள் தேவாலய மண்டபங்களிலும் சமூக நிலையங்களிலும் நடக்கும். கேள்வி கேட்பவரிடம் யாரும் குடியுரிமை அட்டை கேட்பதில்லை. பேருந்துக்குத் தனித் தடம் போடுவதைப் பற்றி நீங்கள் எழுதிய முறைப்பாட்டை அங்கேயே கேட்கலாம். வேட்புமனு ஓகஸ்ட் 21 அன்று முடிகிறது. உங்கள் வட்டார இலக்கம் தெரியாவிட்டால் 311க்கு அழைத்து முகவரியைச் சொல்லிக் கேளுங்கள். கூட்டம் எங்கே என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். மாலை நேரமென்றால் நானும் வருவேன்.