பாதிரியார்: ஒரு சொல், ஐந்து கேள்விகள்

'பாதிரியார்' தமிழ்ச் சொல்தானா?

பாதிச் சொல் தமிழ். போர்த்துக்கீசிய மொழியில் 'பாத்ரே' என்றால் குரு, அதன் வேர்ப்பொருள் தந்தை. சொல் நடுவில் 'த்ரே' என்று மெய்கள் முட்டிக்கொள்வது தமிழ் வாய்க்கு ஒட்டாது. இடையில் ஓர் இகரத்தைச் செருகிப் 'பாதிரி' ஆக்கிக்கொண்டோம். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் அதே மொழியிலிருந்து வந்தவைதான். ஆனால் கடைசியில் நிற்கும் 'ஆர்' நம்முடையது. தாயார், மாமியார் என்பதில் வருகிற அதே மரியாதை. ஆக, பாதிரியார் என்றால் தந்தையார். வந்த சொல்லுக்கு வீட்டுப் பெரியவருக்குரிய விகுதியைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கக் காரணமே அதுதான்.

அப்படியானால் திருப்பாதிரிப்புலியூர்?

அது மரம். பாதிரிப் பூ சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. வடமொழியில் இதற்குப் பாடலம் என்று பெயர். அதனால்தான் அந்த ஊர் இறைவன் பாடலீஸ்வரர். 7-ஆம் நூற்றாண்டில் அப்பர் பாடிய தலம் அது. போர்த்துக்கீசியர் இந்தியாவுக்கு வந்ததோ 1498-இல்.

செய்தியில் எல்லாக் கிறிஸ்தவ குருக்களையும் 'பாதிரியார்' என்று எழுதலாமா?

வேண்டாம். இந்தத் தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது, அந்தச் சபைக்காரர்களுக்கு அது உறுத்தும். இன்றைய வழக்கில் பாதிரியார் என்றதும் மனதில் வருபவர் கத்தோலிக்க குரு. அவரைப் பங்கு மக்கள், அதாவது அவருடைய கோயிலைச் சேர்ந்தவர்கள், ஃபாதர் என்பார்கள், வயதானவர்கள் 'சாமி' என்பார்கள். 'பங்குச் சாமியார் வந்துட்டாரா?' என்று ஒரு பாட்டி கேட்டால், அவர் காவி உடுத்த துறவியைத் தேடவில்லை. பெந்தெகொஸ்தே சபையில் போதகர் அல்லது பாஸ்டர். தென்னிந்தியத் திருச்சபையில் ஆயர், குருவானவர் என்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கத்தோலிக்கரிடம் 'ஆயர்' என்றால் பல பங்குகள் சேர்ந்த மறைமாவட்டத்தின் தலைவர், அவருக்கும் மேல்நிலையில் இருப்பவர் பேராயர். தென்னிந்தியத் திருச்சபையிலோ சபையை நடத்துபவரே ஆயர், பல சபைகள் சேர்ந்த திருமண்டலத்தின் தலைவர் பேராயர். ஒரே சொல், இரண்டு படிநிலை. எந்தச் சபை என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். சரி, கேட்க வழியில்லையா? 'கிறிஸ்தவ குரு' என்றால் போதும்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களும் குருக்களாக இருக்கிறார்கள். 2013-இல் நந்தியால் திருமண்டலத்துக்கு ஒரு பெண் பேராயரானார். ஆயர், போதகர் என்ற சொற்கள் இருபாலுக்கும் அப்படியே பொருந்தும். 'பெண் பாதிரியார்' என்று தலைப்புப் போடத் தேவையே இல்லை.

'பாதிரி' என்று மட்டும் எழுதினால் தவறா?

பழைய நூல்களில் இயல்பாக வரும். இன்று ஒருவரைக் குறித்து அப்படி எழுதினால் மரியாதைக் குறைவாகவே படும். பலரைச் சொல்லும்போது 'பாதிரிமார்' என்பது அழகு.

அருட்தந்தை, அருள்தந்தை, எது சரி?

ட்-க்குப் பின் த் வருவதைத் தமிழ் இலக்கணம் ஏற்காது. முறைப்படி புணர்த்தால் 'அருட்டந்தை'. திருவெண்ணெய்நல்லூர்க் கோயில் 'அருட்டுறை' ஆனது அப்படித்தான். ஆனால் அழைப்பிதழில் அருட்டந்தை என்று அச்சடித்தால் படிப்பவர் தடுமாறுவார். நான் பிரித்து 'அருள்தந்தை' என்றே எழுதுகிறேன். அப்புறம், பெயருக்கு முன்னால் அருள்தந்தை போட்டுவிட்டால் பின்னால் பாதிரியார் வேண்டாம். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்.