பழைய காருக்கு பிரீமியம் பெட்ரோல் வேண்டுமா? மெக்கானிக் பதில்கள்

இடுக்கி, பாலக்காடு, கொல்லம் பக்கம் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கேட்டவை இவை.

கேள்வி (வண்டிப்பெரியாறு): அண்ணே, என்னுடையது 1998 மாருதி 800. கம்பம் இறங்கும்போதெல்லாம் விலை கூடின பிரீமியம் பெட்ரோல்தான் போடுகிறேன். இன்ஜினுக்கு நல்லதுதானே?

பதில்: கெடுதல் இல்லை தம்பி, ஆனால் காசுதான் வீண். பிரீமியத்துக்குச் சொல்லும் பெருமை ஆக்டேன் எண்தான். அது பெட்ரோலின் பலத்தைக் காட்டும் எண் அல்ல. பிஸ்டன் அமுக்கும்போது சூட்டில் தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் எண். கம்ப்ரஷன் (பிஸ்டன் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கணக்கு) 11, 12 உள்ள இன்ஜினுக்கும் டர்போவுக்கும் அது தேவை. உங்கள் 800-க்குக் கம்ப்ரஷன் 9-க்கும் கீழே. அந்தத் தானாக வெடிப்பதை உணரும் நாக் சென்சாரும் கிடையாது, அதனால் ஆக்டேன் கூடினாலும் டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) தானாக மாறப்போவதில்லை. 20 சதவீத எத்தனால் கலந்த சாதா பெட்ரோலே இப்போது 95 ஆக்டேன். உங்கள் வண்டிக்கு அது தாராளம்.

கேள்வி (குமுளி): பிரீமியம் போட்டதும் பிக்கப் கூடின மாதிரி இருக்கிறதே?

பதில்: அதில் அழுக்கெடுக்கும் மருந்தும் சேர்க்கிறார்கள். அழுக்கேறின இன்ஜெக்டர் என்றால் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். அது ஆக்டேன் செய்த வேலை இல்லை.

கேள்வி (பூப்பாறை): போடிமெட்டு ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மிதித்தால் இன்ஜினில் ‘கிணிகிணி’ சத்தம். 99 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் நிற்கிறது. அப்படியே ஓட்டலாமா அண்ணே?

பதில்: வேண்டாம். அது பெட்ரோல் தானாக வெடிக்கும் சத்தம். 99 போட்டால் சத்தம் அடங்கும், கோளாறு உள்ளேயே இருக்கும். முதலில் இரண்டாம் கியருக்கு இறக்கிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். இளம் பழுப்பாக இருந்தால் சரி. வெள்ளையாக வெந்திருந்தால் பெட்ரோல் குறைவாகப் போகிறது, இல்லை இன்ஜின் சூடேறுகிறது, ரேடியேட்டரையும் பார்க்க வேண்டும். கரிபிடித்த முனை என்றால் கார்புரேட்டரைச் சரிசெய்யுங்கள். பல வருடம் ஓடின இன்ஜினில் பிஸ்டன் தலையில் கார்பன் படிந்து இடம் சுருங்கி, கம்ப்ரஷன் தானே ஏறிவிடும். டைமிங்கை யாராவது கூடுதலாக முன்னுக்கு வைத்திருந்தாலும் இதே சத்தம்தான். இன்னொன்று, மேலே போகப் போகக் காற்று மெலிவதால் இந்தச் சத்தம் குறைய வேண்டும். மூணாறு உயரத்திலும் கேட்டால் கோளாறு உறுதி. எல்லாம் சரிபார்த்த பிறகும் நிற்கவில்லையா, அப்போது ஆக்டேன் கூடின பெட்ரோல் போடுங்கள், அது நியாயமான செலவு.

கேள்வி (ஆரியங்காவு): அப்போ எத்தனால் பழைய வண்டியைக் கெடுக்காதா?

பதில்: எனக்குக் கவலையே அதில்தான். பழைய ரப்பர் ஹோஸ், கேஸ்கெட், பம்ப் டயாப்ரம் இவற்றை எத்தனால் ஊறவைத்து அரிக்கும். பெட்ரோல் ஹோஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ அன்றே மாற்றுங்கள். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியே எரிந்துபோகும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலம் முழுக்க நிறுத்திவைத்தால் டேங்கின் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கலாம். பிரீமியத்துக்குக் கொடுக்கும் காசை ஹோஸுக்குக் கொடுங்கள்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): டீசல் அம்பாசடருக்கு?

பதில்: டீசலுக்கு ஆக்டேன் கணக்கே இல்லை, அங்கே சீட்டேன் எண், டீசல் எவ்வளவு சுலபமாகப் பற்றும் என்பதைக் காட்டுவது. பில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள், போதும்.